பப்பாளிப்பாலும் கிழட்டுச் சேவலும்

சுவா ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் தொழிலாளர்கள் ஆசையாக அறுத்த கிழட்டுச் சேவலைக் கூழாக்கியது நான்தான். பப்பாளிப்பாலிலுள்ள நொதி புரதத்தைத் துண்டாக்கும் என்பது என் ஆராய்ச்சி. கறி மெத்தென்றாகட்டும் என்று கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டேன்.

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். ரப்பர் ஆய்வுக்கூடத்தில் மிஞ்சியது நானும் குடுவைகளும். குடுவைகள் அதிகம் பேசுவதில்லை. லயத்துக்குப் போனாலோ, என்னையும் என் வெள்ளைச் சட்டையையும் கண்டதும் அங்கேயும் பேச்சு நின்றுவிடும். ஏனென்று கேட்டால், "ஒன்னுமில்லீங்கய்யா" என்று நழுவுவார்கள்.

கடைசியில் லயத்துப் பாஞ்சாலையிடம் கேட்டேன். "சேவல் போன கோபமா?"

அவள் மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"சேவல் கெடக்குதுங்க. சயாமுல ஜப்பான்காரனுக்கு ரயில் ரோடு போட எம்புருசன் பேரக் குடுத்தது ஆபீசுல கணக்கெழுதுற கிராணிதான். உங்க முன்னாடி வாயத் தொறக்கப் பயமா இருக்கு. வெள்ளச் சட்டை போட்ட எல்லாரும் எங்களுக்குக் கிராணிதானுங்க."