கை அசையாத நேரம்

மாரிச்செல்வி கண் கொட்டாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துபாயில் ஒரு குடோன். கையுறை போட்ட ஒருவன் தள்ளுவண்டியில் அட்டைப்பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். ஏற்றுவது அவன் வேலைதான். ஆனால் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒருமுறை கேமராவை அண்ணாந்து பார்த்துக்கொண்டான். அதுதான் அவளுக்கு உறுத்தியது.

ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம், செல்போன் கடை மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். அங்கே பெண்கள் உட்கார்ந்து வெளிநாட்டுக் குடோன்களைக் காவல் காத்தார்கள். தப்பாக ஏதாவது தெரிந்தால் சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். அந்தப் பெண்களைக் காவல் காக்க, அவர்கள் குடோனைப் பார்க்கும் வெப்சைட்டிலேயே ஓர் ஏற்பாடு உண்டு. மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால், பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். மஞ்சள் என்றால் சீட்டில் ஆள் இல்லை என்று அர்த்தம்.

மாரிச்செல்விக்கு மஞ்சள் அடிக்கடி விழுந்தது. மவுஸை அசைத்தால் திரையின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை எழும்பி, குடோன் வாசலை மறைத்துவிடும். அதனால் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பாள். இன்றும் அந்த ஆள் பெட்டிகளோடு வாசல் தாண்டி, வெளியே நின்ற காரில் ஏற்றும்வரை அசையாமல் பார்த்துவிட்டுச் சிவப்பை அழுத்தினாள். அதற்குள் புள்ளி மஞ்சளாகியிருந்தது.

பக்கத்து சீட் அம்ரீனுக்கு அந்தக் கவலையே இல்லை. மேசை விசிறியின் கம்பியில் மீன்வலைக்கான தங்கூசி நைலான் நரம்பு ஒன்றைக் கட்டி, மறுமுனையை மவுஸில் முடிந்திருந்தாள். விசிறி தலையைத் திருப்பும்போது மவுஸ் ஒரு பக்கம் இழுபடும். மறுபக்கம் மாட்டியிருந்த ரப்பர் பேண்டு அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அவள் தொழப் போனாலும் பெயர் பச்சையாகவே இருக்கும். நரம்பு மாரிச்செல்வி கொடுத்ததுதான். அவள் புருஷன் மருதுபாண்டி கிழிந்த வலை பொத்த வாங்கியது. படகில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து அவன் படுத்ததிலிருந்து சும்மா கிடந்தது. இப்போது அடுப்பு எரிவது இவள் உட்காரும் இந்த நாற்காலியை நம்பித்தான்.

"நீங்களும் ஒண்ணு கட்டிக்கங்கக்கா. எம்புட்டு மஞ்சள்தான் வாங்குவீக?"

"மவுஸ் ஆடுனா வாசலு மறையுதுடி. பாக்கத்தான நம்மள உக்கார வச்சிருக்காக?"

மத்தியானம் சூப்பர்வைசர் சுரேஷ் வந்தான். முகம் சரியில்லை.

"இங்கன யாரோ மவுஸுல தில்லுமுல்லு பண்றீகளாம். எனக்குத் தகவல் வந்துருக்கு."

யார் சொன்னது? எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுரேஷ் ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்த்தபடி வந்தான். அம்ரீன் முடிச்சை அவிழ்ப்பதற்குள் நரம்பு அவன் விரலில் மாட்டிக்கொண்டது. அறுத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

அம்ரீன் திரும்பி மாரிச்செல்வியைப் பார்த்தாள். காலையில் இவளிடம் மீன்குழம்பு வாங்கிச் சாப்பிட்ட முகம் இல்லை அது.

"நாஞ் சொல்லலடி. எங்கய்யா மேல சத்தியம்."

"நரம்பு குடுத்தது நீங்க. வேற யாருக்குத் தெரியும்?"

மாரிச்செல்விக்கு நெஞ்சு எரிந்தது. அந்த அறையில் யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். இந்தப் பழி அவள் தலையில்தான் விடியவேண்டுமா?

சுரேஷ் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான்.

"சார், அந்தப் புள்ளைய ஒண்ணும் பண்ணிராதீக. தொழுகுற நேரத்துக்குத்தான்..."

"அம்ரீன விடுங்க. வார்னிங் குடுத்தாச்சு. அது கணக்கு பூராம் பச்சை. பிரச்சனை உங்களுதுதான். எப்பப் பாத்தாலும் மஞ்சள்."

"இன்னைக்குக் கூட ஒரு களவாணிய புடிச்சுக் குடுத்தேனே சார்."

"தெரியும். துபாய்ல இருந்து தேங்க்ஸ் கூட வந்துச்சு. ஆனா மிஷினு உங்கள சீட்டுலயே இல்லங்குதே! இன்னையோட நின்னுக்கங்க. இப்பவே கெளம்பலாம்."

"கண்ணு முழிச்சுப் பாத்தத எப்படி சார் காட்டுறது?"

சுரேஷ் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான்.

பஸ் ஸ்டாண்டு வரை வந்த பிறகுதான் சோற்றுப் பாத்திரத்தை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. மருதுபாண்டியிடம் என்ன சொல்வதென்று யோசித்தபடியே திரும்பி நடந்தாள். மாடி ஏறும்போது சுரேஷ் யாரிடமோ போனில் பேசுவது கேட்டது.

"ஆள் குறைச்சலா? இல்லவே இல்ல சார். எல்லா சீட்டும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

அம்ரீன் நிமிர்ந்து பார்த்தாள். இந்தத் தடவை அவளால் மாரிச்செல்வியின் கண்ணைப் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள்.

மாரிச்செல்வியின் நாற்காலி காலியாக இருந்தது. சோற்றுப் பாத்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு மேசைமேல் விசிறியை வைத்திருந்தார்கள். அதன் கம்பியில் மருதுபாண்டியின் நரம்பு. விசிறி தலையைத் திருப்பத் திருப்ப மவுஸ் போய்ப் போய் வந்தது. திரையின் அடியில் கறுப்புப் பட்டை எழும்பிக் குடோன் வாசலை மறைத்திருந்தது. மேலே அவள் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி பச்சையாக இருந்தது.