மேட் என்றால் திறக்கும் கதவு

என் சைக்கிளைத் திருடியவனுக்குக் கதவைத் திறந்து பிடித்தது நான்தான். போலீஸ் ஸ்டேஷனில் படத்தைக் காட்டும்வரை அது எனக்குத் தெரியாது.

பார்லோ கிரீக் ரயில் நிலைய வாசலில் சைக்கிள்களுக்கென்று ஒரு கம்பிக் கூண்டு இருக்கிறது. பதிவு செய்தவர்களிடம் மட்டும் அட்டை உண்டு. அட்டையை வைத்தால் கதவு திறக்கும். கையை விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ரொட்டி ஆலையில் இரவு வேலை முடிந்து, ஏழு கிலோமீட்டர் மிதித்து வந்து, காலை ஆறரைக்குச் சைக்கிளை அங்கே விட்டுவிட்டு ரயிலேறுவேன். வீட்டுக்குப் போய்த் தூங்குவேன். மறுபடி மாலை எட்டு மணிக்கு வந்து இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒன்பது மணி ஷிஃப்டுக்கு ஆலைக்குப் போவேன். அந்த நேரத்தில் தொழிற்பேட்டைக்குப் பஸ் கிடையாது. சைக்கிள் இல்லையென்றால் வேலை இல்லை. பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்ட பிறகு ஆறு மாதத்துக்கு மேல் நான் தாக்குப்பிடித்த ஒரே வேலை அது.

ஜனவரியில் ஒரு மாலை, இங்கே அது நடுக்கோடை, எட்டு மணிக்கும் வெயில் இறங்காத நேரம், போய்ப் பார்த்தால் வெட்டிய பூட்டு மட்டும் தரையில் கிடந்தது. நடந்தே போனேன். ஆலை வாசலில் வில்லியாமி நின்றுகொண்டிருந்தான். எங்கள் மேற்பார்வையாளன், டோங்கா தீவுக்காரன், அவன் நின்றால் வாசல் தெரியாது.

"போன மாசம் தூங்கிட்டேன்னு வந்த ப்ரோ. இன்னிக்கு சைக்கிள் காணோம்ங்கற. அடுத்த தடவை என்ன, ரயிலக் காணோமா?"

"நிஜமாவே திருடிட்டாங்க."

"நம்புறேன். ஆனா மாவு நம்பாது, அது பாட்டுக்குப் பொங்கும். இன்னொரு தடவை லேட்டா வந்தேன்னா ஷிஃப்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன். கோச்சுக்காத."

புகார் கொடுத்திருந்தேன், அந்த வாரக் கடைசியில் போலீஸில் கூப்பிட்டார்கள். ஹடாட் என்ற பெண் கான்ஸ்டபிள் திரையை என் பக்கம் திருப்பினாள். கேமராவில் பதிவான கூண்டின் கதவு. மாவு படிந்த சட்டையோடு நான், கதவு மூடிவிடாமல் முதுகால் தாங்கிக்கொண்டு நிற்கிறேன். பின்னால் ஆரஞ்சு நிற ஒளிர்சட்டை போட்ட ஒருவன், கையில் ஹெல்மெட்டோடு உள்ளே நுழைகிறான்.

"இது நீங்கதானே?"

"ஆமா."

"கூட வர்றது ஃப்ரெண்டா?"

"யாருன்னே தெரியாது."

"அப்புறம் எதுக்குக் கதவப் புடிச்சீங்க?"

"தேங்க்ஸ் மேட்னு சொன்னான்." முன்பின் தெரியாதவனையும் நண்பனாக்கிக் கூப்பிடும் எங்கள் ஊர்ச் சொல் அது.

அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "மேட்னு சொன்னானா? சரியாப் போச்சு. இந்த மாசம் நாலு பேரு வந்து இதே பதிலத்தான் சொன்னாங்க. திருடனுக்கு அட்டையே வேணாம், வாய் இருந்தாப் போதும்."

எங்கள் ஊரில் பின்னால் வருகிறவன் முகத்தில் கதவைச் சாத்துவது, அவன் மேல் காறித் துப்புவதற்குச் சமம். தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொள்கிறான் என்று பேசுவார்கள். அதைவிடக் கேவலமான பேச்சு இங்கே இல்லை. ஒளிர்சட்டை போட்டவன் என்றால் கேட்கவே வேண்டாம். வெயிலில் ரோடு போடுகிறவன், விடியற்காலையில் எழுந்தவன், நம் ஆள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என்னைப் போலவே இரவு வேலை முடித்து வருகிறான் என்று கொஞ்சம் பாசம்கூட வந்தது.

குப்பைக் கிடங்கின் பழைய சாமான் கடையில் ஒரு இரும்புச் சைக்கிள் கிடைத்தது. ஹடாட் சொன்னபடி எல்லாம் செய்தேன். பெடல்கள் பொருந்தும் இடத்தில், சட்டத்துக்கு அடியில் செதுக்கிய எண்ணைப் படம் எடுத்துப் பதிந்துகொண்டேன். தடித்த இரும்பு வளையப் பூட்டு இரண்டு. ஒன்று சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பிணைக்க, மற்றது முன்சக்கரத்துக்கு. சீட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். ஆனால் ஒரு முழுப் பகல் நேரம் கிடைத்தால் எந்தப் பூட்டையும் அறுக்கலாம். ஆளே உள்ளே வரக் கூடாது. என் அட்டையில் இனி நான் மட்டும்தான் நுழைவது என்று முடிவு செய்தேன்.

முதலில் மாட்டியது கிளெனிஸ். அறுபது வயது, நகரத்து நூலகத்தில் வேலை, எல்லோரையும் 'செல்லம்' என்று கூப்பிடுகிறவள். மின்சாரச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் பின்னாலேயே வந்தாள். நான் உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினேன். 'க்ளிக்' என்றது.

"லெய்ட்டன் செல்லம், நான் வர்றது தெரியலையா?"

"தெரியுது. உங்க அட்டைய வைங்க கிளெனிஸ்."

"அது பைக்குள்ள அடியில கெடக்கு. ரயில் வந்துடும்."

"எடுங்க. நான் அவசரப்படுத்தல."

ரயில் போய்விட்டது. "ஆறு வருஷமா இந்தக் கதவ ஊருக்கே புடிச்சிட்டு நிக்கிறேன். உன்ன மாதிரி ஒரு ஜென்மத்தப் பாத்ததில்ல," என்றாள்.

"அந்த ஆறு வருஷத்துல எத்தன சைக்கிள் போச்சுன்னு பாத்தீங்களா?"

"திருடன்கூட குட்மார்னிங் சொல்லுவான்டா, நீ அதுகூடச் சொல்றதில்ல."

அதற்குப் பிறகு என்னை யாரும் செல்லம் என்று கூப்பிடவில்லை. 'ஜெயிலர்' என்று பெயர் வைத்தார்கள். ஒருவன் என் காதுபட, "சாவிக்கொத்து எங்கடா?" என்று கேட்டான். ஐந்து வாரம் விடாமல் சாத்தினேன். மழையில் நின்றவளுக்குச் சாத்தினேன். கைக்கு மாவுக்கட்டுப் போட்டவனுக்கு, அவன் பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சாத்தினேன்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் சைக்கிளோடு கதவை நெருங்கும்போது பின்னால் ஒருவன் வந்து நின்றான். ஆரஞ்சு ஒளிர்சட்டை. ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் காப்பி.

"புண்ணியமாப் போகும், அப்படியே புடிச்சுக்க மேட்."

"உங்க அட்டைய வைங்க."

"கை ரெண்டும் பிஸி, பாக்கலையா?"

"காப்பியக் குடுங்க, நான் புடிக்கிறேன்."

கொடுத்தான். வேறு என்ன செய்வான்? பிறகு ஒவ்வொரு சட்டைப் பையாகத் தட்டினான். "அடச்சே, வீட்லயே வச்சிட்டேன். வண்டி உள்ளதான் மேட் இருக்கு. நேத்து விட்டுட்டுப் போனேன்."

"ஏழு மணிக்கு ரயில் ஸ்டேஷன் ஆபீஸ் திறப்பாங்க, பதிவப் பாத்து அவங்களே தொறந்து விடுவாங்க. அதுவரைக்கும் காப்பிய வச்சிருக்கேன்."

"உனக்கு என்னய்யா பிரச்சினை? உங்கப்பன் வீட்டுக் கூண்டா?"

கிளெனிஸ் அப்போது கூண்டுக்குள் இருந்தாள். சத்தம் கேட்டுக் கதவருகே வந்தாள். உள்பக்கத்தில் ஒரு பச்சைப் பொத்தான் உண்டு, அழுத்தினால் திறந்துவிடும். அவள் கை அதன்மேல் போய்விட்டது. ஆறு வருடப் பழக்கம்.

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "நீங்களாவது தொறங்கம்மா. இந்தாளு காலைலயே கடுப்புல இருக்கான்."

"இவன் எப்பவும் கடுப்புதான்," என்றாள் கிளெனிஸ். விரல் பொத்தானில்தான் இருந்தது. "உன் வண்டி என்ன கலரு செல்லம்?"

"கறுப்பு."

"இங்க பாதி கறுப்புதான். எந்த வரிசை?"

"அந்த... அந்தப் பக்கம்."

"பூட்டு என்ன மாதிரி?"

அவன் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "போங்கடா, நீங்களும் உங்க கூண்டும்," என்று சொல்லிவிட்டு வாகன நிறுத்தம் பக்கம் நடந்தான். ஓடவில்லை. காப்பியைத் திரும்பக் கேட்கவும் இல்லை.

கிளெனிஸ் கையை எடுத்தாள். "நிஜமாவே அட்டைய மறந்தவனா இருந்தா?"

"ஏழு மணிக்கு ஆபீசுக்கு வந்திருப்பான்."

இருவரும் ரயிலை விட்டுவிட்டு ஏழேகால் வரை அலுவலக வாசலில் நின்றோம். அவன் வரவில்லை. அது எதையும் நிரூபிக்காது. கோபத்தில் வீட்டுக்கே போயிருக்கலாம். முன்பு என் சைக்கிளை எடுத்தவன் இவன்தானா என்றும் சொல்ல முடியாது. படத்தில் முகம் தெளிவாக இல்லை. ஹடாட்டுக்கு நேரத்தையும் அடையாளத்தையும் எழுதி அனுப்பினேன்.

"இதுக்காக நீ நல்லவன்னு ஒத்துக்குவேன்னு நெனைக்காத," என்றாள் கிளெனிஸ், அடுத்த ரயில் வரும்போது.

"நெனைக்கல."

"ஒரு குட்மார்னிங் சொன்னா வாயில முத்தா உதிர்ந்துடும்?"

மாலை எட்டு மணிக்கு வந்து இறங்கினேன். அட்டையை வைத்து உள்ளே போனேன். இரண்டு பூட்டும் இருந்த இடத்தில் இருந்தன. பையிலிருந்து சீட்டை எடுத்து மாட்டினேன். வெளியே வரும்போது, கதவு மூடுவதற்குள் ஒருவர் அவசரமாக உள்ளே நுழையப் பார்த்தார்.

"குட் ஈவ்னிங்," என்று சொல்லிவிட்டுச் சாத்தினேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் முன்பே ஆலைக்குள் இருந்தேன்.