அக்கா வீட்டின் மேல் ஒரு துளி நீலம்

இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும், மிச்சமிருக்கும் என் மூன்று பற்களும் இன்றைக்கே விழட்டும்.

அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கை முதன்முதலாக அளந்து படமாக்கிய காலம். கரை நெடுக ஆலைகள், புகைபோக்கிகள். சர்வே ஆபீசில் படம் வரைகிறவர் எறும்புக்குச் செருப்பு தைக்கச் சொன்னாலும் அளவு பிசகாமல் தைப்பார். மேடுபள்ளத்துக்குப் பழுப்பு, கட்டடத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம். வேலை முடிகிற நேரத்தில் ஒரு தும்மல் வந்தது. பேனாவிலிருந்து நீலம் ஒரு துளி தெறித்து, சாய ஆலைக்குப் பின்னால், சரியாக அவருடைய அக்கா வீட்டின் மேல் விழுந்தது. மை காய்ந்தால்தான் பிளேடால் சுரண்ட முடியும். காயட்டும் என்று சாப்பிடப் போனார். திரும்புவதற்குள் அதிகாரி கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்து விழுந்த தாளில் யாரும் கைவைக்கக் கூடாது.

"தெரியாம சிந்தின மைங்கய்யா அது."

"குளம் நல்லா வந்திருக்குய்யா. கரையெல்லாம் நெசமாவே இருக்கற மாதிரி," என்றார் அதிகாரி.

மூன்றே மாதத்தில், சாயக் கழிவை அந்தக் குளத்தில் விட ஆலைக்கு அனுமதி கிடைத்தது. அக்கா ஆபீசுக்கே வந்துவிட்டாள்.

"டேய், ரெண்டு பேரு என் அடுப்படியில நின்னு கயிறு விட்டு ஆழம் பாக்கறாங்க. நான் எங்க போறதுன்னு கேட்டா, ஒருத்தன் நீச்சல் தெரியுமாம்மாங்கறான்."

"மனு குடுக்கா."

"குடுத்தாச்சு. உங்கிட்டதான் வருமாம்."

வந்தது. மனுவைப் படத்தோடு ஒத்துப் பார்த்துக் குறிப்பு எழுதுவது அவர் வேலை. மூன்று நாள் பேனாவைத் துடைத்துத் துடைத்து வைத்தார். நான்காம் நாள் அதிகாரி வந்து நின்றார். "படத்துல இருக்கறத எழுதுய்யா. உங்க அக்காவப் பத்தியா எழுதச் சொன்னேன்?" முத்து முத்தான கையெழுத்தில் அவர் எழுதினார்: 'மனுதாரர் குறிப்பிடும் இடத்தில் வீடு இல்லை. நீர் உள்ளது.'

ஆலை கழிவுக் குழாயைத் திறந்த அன்று அக்கா கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். வாசற்படி தாண்டி மெல்ல உள்ளே வந்த தண்ணீர், அவருடைய மைப்புட்டியைக் கவிழ்த்தது போல அதே நீலம்.

"நிறம் நல்லாத்தான்டா இருக்கு," என்றாள் அக்கா. அவர் அடுத்த செங்கல்லை நீட்டினார்.

அந்தத் தாள் இன்றும் ஆபீஸ் அலமாரியில் இருக்கிறது. சாய ஆலைக்குப் பின்னால் சிவப்பில் ஒரு சின்னக் கட்டம். அதன் மேல் பிளேடு பட்ட தடமும் இல்லை, நீலம் ஒரு புள்ளிகூட இல்லை; குழாய் திறந்த அன்றே அது தாளைவிட்டு இறங்கிப் போய்விட்டது.