சேதமில்லாத நான்கு துளைகள்

அன்று காலை பதினொரு மணிக்குக் காவல் நிலையத்தின் பின்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசைக்குப் பின்னால், மின்விசிறிக்கு நேர் கீழே, காவல் அதிகாரி. அவருக்கு வலப்பக்கம், கைப்பிடி உள்ள ஒரே நாற்காலியில், எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்தின் தலைவர். ஓய்வு பெற்று இருபது வருடமாகியும் எல்லாருக்கும் அவர் கேப்டன்தான். எதிரில் பழம்பொருள் கடைக்காரர், கால்மேல் கால். சுவரோர பெஞ்சின் ஒரு முனையில் சங்கச் செயலாளரான நான். மறுமுனையில், எங்கள் பிரிவில் இருந்த நெட்டையனின் அக்கா. எங்களுக்கு நடுவே இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். வழக்கமாக என்னைத் தம்பி என்று கூப்பிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருகிறவர், அன்று உட்காரவில்லை.

நெட்டையன் மேசைமேல் கிடந்தான். அதாவது, அவன் கல்லறையிலிருந்த வெண்கலத் தகடு. பெயர், படை எண், பிறந்த தேதி, இறந்த தேதி. அதன் ஓரத்தில் நூல் கட்டி ஓர் அட்டை தொங்கியது: ‘பழைய ராணுவத் தகடு. அசல். சுவருக்கு அழகு.’ கீழே விலை. அதை நான் எழுதப்போவதில்லை.

படைவீரர் கல்லறைத் தோட்டத்திலிருந்து ஒரே மாதத்தில் பதினொரு தகடுகள் காணாமல் போயிருந்தன. பத்தைப் பற்றித் தகவலே இல்லை. பதினோராவதை அக்காதான் கண்டுபிடித்தார். அவர் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மாள் போனை நீட்டி, “எங்க ஹாலுக்கு இது எடுப்பா இருக்குமா சொல்லு” என்று கேட்டிருக்கிறாள். போனில் தம்பியின் பெயர்.

“சார், என்னைப் பார்த்தா திருடன் மாதிரியா இருக்கு?” என்றார் கடைக்காரர். “பில் இருக்கு. கொண்டுவந்தவன், பழசை மாத்துறாங்க, கழிச்சுப் போட்டதுன்னு சொன்னான். வாங்கினேன்.”

“பேர் போட்டிருக்கே. படிக்கத் தெரியாதா?” என்றார் அக்கா.

“பேர் போட்ட சாமான் நம்ம கடையில ஆயிரம் இருக்கும்மா. பேர் இருந்தாத்தான் ஜனங்க வாங்குறாங்க. வரலாறுங்கிறாங்க.”

“செத்த தேதியும் இருக்கே. உங்கப்பா செத்த தேதியை எத்தனை பேர் வீட்டு ஹால்ல மாட்டக் கொடுத்திருக்கீங்க?”

காவல் அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். கடைக்காரர் அசரவில்லை. தகட்டை இரு கையாலும் தூக்கிக் கவிழ்த்துப் போட்டார்.

“சார், நீங்களே பாருங்க. திருடன் என்ன பண்ணுவான்? கடப்பாரை போட்டு நெம்புவான். ஓரம் வளையும், துளை கிழியும். இதுல ஒரு கீறல் இருக்கா? நாலு துளையும் நேத்து போட்ட மாதிரி இருக்கு. பச்சைக் குழந்தையைத் தொட்டில்ல இருந்து எடுக்கிற மாதிரி பதமா கழட்டியிருக்காங்க. பின்னால வெள்ளை பெயின்ட்ல நம்பர் வேற. பதினாலு. திருடன் நம்பர் போட்டா திருடுவான்? இது அவங்க ஆளுங்களே எடுத்து வித்தது. வேலியே பயிரை மேஞ்சா நான் என்ன சார் பண்ணட்டும்?”

அதிகாரி கேப்டனைப் பார்த்தார். “இந்த நம்பர் யார் போட்டது?”

கேப்டன் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்பது அந்தப் பார்வை. “விசாரிச்சுச் சொல்றோம்” என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பதினான்கு என் கையெழுத்து. ‘4’-இன் கொம்பை மேலே சேர்க்காமல் விடுவது என் பழக்கம்.

“சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் தகடு இங்க இருக்கும்” என்றார் அதிகாரி. “நம்பர் எப்படி வந்தது, துளை ஏன் சேதமாகலைன்னு எழுத்துல காரணம் கொடுங்க. திருட்டுன்னு கேஸ் போடுறேன், கடையைச் சோதனை போடுறேன், மிச்சம் பத்தையும் தேடுறேன். எழுத்து வரலைன்னா பில் வச்சிருக்கிறவர் கையில திருப்பிக் கொடுத்தாகணும். எனக்கும் பிடிக்கலைதான். ஆனா சட்டம் அப்படி.”

கடைக்காரர் எழுந்தார். “எனக்கு அவசரமில்ல சார். சாமான் பத்திரமா இருந்தா சரி.”

சாமான். நெட்டையன் எங்கள் பிரிவில் லாரி ஓட்டியவன். குண்டு வெடித்த பாலத்துக்குத் திரும்பிப் போய் மூன்று பேரை இழுத்து வந்து, நான்காவது முறை போனவன். பண்டகசாலைக் குமாஸ்தாவாக இருந்த நான்தான் அவனுடைய பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டவர் அந்த அக்கா.

நானும் கேப்டனும் சங்க அறைக்குத் திரும்பினோம். ஒரு மேசை, இரண்டு அலமாரி, சாவிகள் தொங்கும் பலகை. கேப்டன் கதவைச் சாத்தினார்.

“எழுதப்போற இல்ல?”

“எழுதாம எப்படி சார்?”

“நீ என்ன எழுதுவேன்னு எனக்குத் தெரியாதா?”

தெரியும். அவரும்தானே ஒப்புதல் கொடுத்தார். அந்தத் தகடுகள் ஒவ்வொன்றும் கல்லில் நான்கு ஒருவழித் திருகாணிகளால் பொருத்தப்பட்டிருந்தன. முடுக்கலாம், கழற்ற முடியாது. கழற்றும் பக்கமாகத் திருப்பத் தலையில் பிடிமானமே இருக்காது. தகடு கல்லிலேயே இருக்க, வருடா வருடம் குனிந்து தேய்ப்போம். மெருகுக் கலவை வழிந்து கல்லில் பச்சைக் கறை படியும். ஏழு வருடத்துக்கு முன் எனக்கொரு யோசனை தோன்றியது. துளைக்கருவி வாடகைக்கு எடுத்து, இரண்டு வாரம் முழுக்க நின்று, அந்தத் திருகாணிகள் எல்லாவற்றையும் குடைந்து எடுத்தேன். பதிலுக்கு எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரணத் திருகாணி போட்டேன். பிறகு கழற்றுவது சுலபம். நிழலில் உட்கார்ந்து தேய்த்து, இடம் மாறாமல் இருக்கப் பின்னால் எண் போட்டு, திரும்ப மாட்டுவது. ஆண்டறிக்கையில் ‘வேலை பாதியாகக் குறைந்தது’ என்று எழுதினேன். கைதட்டினார்கள்.

திருடனுக்கும் வேலை பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. கடையில் வாங்கிய ஒரு திருப்புளி, பத்து நிமிடம்.

“பழைய திருகாணியை எடுத்துட்டு, கழட்டுற மாதிரி நீ மாத்திப் போட்டதை எழுதினா நகராட்சி என்ன பண்ணும்?” என்றார் கேப்டன். “தோட்டத்துச் சாவியைப் பிடுங்கும். அந்தச் சாவிக்கு நான் எத்தனை படி ஏறி இறங்கினேன் தெரியுமா? சாவி அவங்க கைக்குப் போனா, அங்க புல்லு வெட்ட ஒருத்தன் வருவானா? முந்நூறு கல்லு இருக்குய்யா அங்க. ஒருத்தனுக்காக முந்நூறு பேரையும் காட்டுல விடச் சொல்றியா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பொய்யாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பேன்.

“எழுதலைன்னா அந்தக் கடைக்காரன் சொன்னதுதான் சார் நிக்கும். நாமே வித்தோம்னு.”

“நிக்கட்டும். ஊர் நாலு நாள் பேசும், மறந்துடும்.”

கதவு திறந்தது. அக்கா. எவ்வளவு நேரம் வெளியே நின்றாரோ.

“திருட்டுப் போச்சுன்னு சொன்னீங்க” என்றார், என்னைப் பார்த்து. “பூட்டைக் கழட்டி வச்சது நீங்கன்னு சொல்லலையே.”

“அக்கா, சுத்தமா வச்சுக்கத்தான்...”

“பளபளன்னு இருந்துச்சு. நானே சொல்லியிருக்கேன், எந்தம்பி முகம் மாதிரி இருக்குன்னு. திருடனுக்குத் தேய்ச்சு, துடைச்சு, நம்பர் போட்டு, கையில எடுத்துக் கொடுக்காத குறை!” கேப்டன் பக்கம் திரும்பினார். “நீங்க சாவியைக் காப்பாத்துங்க ஐயா. சாவி ரொம்ப முக்கியம். உள்ள ஒண்ணுமே இல்லாமப் போனாலும் பூட்டிக்கலாமில்ல?”

கேப்டன் முகம் கறுத்தது. சங்க முத்திரையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “எழுதுறதுன்னா உன் பேர்ல எழுது. சங்கம் பேர்ல ஒரு எழுத்து வரக் கூடாது” என்று சொல்லி, போய்விட்டார்.

மணி இரண்டரை. கோடு போட்ட தாளை எடுத்து, இடப்பக்கம் ஓரம் விட்டு, எழுதத் தொடங்கினேன். ‘பராமரிப்பு வசதிக்காகச் சங்கத்தின் சார்பில் திருகாணிகள் மாற்றப்பட்டன’ என்ற வரி வந்ததும், எதிரே நின்று படித்துக்கொண்டிருந்த அக்கா விரலை அதன்மேல் வைத்தார்.

“சங்கத்துக்குக் கை இருக்கா?”

தாளைக் கிழித்தேன். வேறு தாளில் எழுதினேன்:

‘பின்பக்க எண் நான் இட்டது. கழற்ற முடியாத திருகாணிகளை எடுத்துவிட்டு, யாரும் கழற்றக்கூடியவற்றைப் போட்டவன் நான். அதனால்தான் துளைகளில் சேதமில்லை. அனுமதி இருந்ததால் அல்ல. எந்தத் தகட்டையும் நானோ சங்கமோ விற்கவில்லை, கழிக்கவில்லை. என் எண் பட்டியலை இணைத்துள்ளேன். காணாமல் போன பதினொன்றின் எண்களும் அதில் வட்டமிடப்பட்டுள்ளன. மற்றப் பத்தின் பின்புறத்திலும் இதே கையெழுத்தைக் காணலாம். சுரண்டப்பட்டிருந்தால், சுரண்டிய தடத்தைக் காணலாம். எஞ்சிய தகடுகளுக்கு இந்த வாரமே பழைய முறைத் திருகாணிகளைப் போட வேண்டும். இறந்த வீரரின் பெயரும் படை எண்ணும் உள்ள எதையும், கல்லறை நிர்வாகத்தின் எழுத்து இல்லாமல் எந்தக் கடையும் வாங்கவோ விற்கவோ கூடாது என்று ஆணையிட வேண்டும். வாங்கியவருக்கு அது என்னவென்று தெரியாது என்பதை நான் நம்பவில்லை. தெரிந்துதான் ‘அசல்’ என்று அட்டை கட்டியிருக்கிறார்.’

கடைசி இரண்டு வரியும் புகாரில் இருக்கக் கூடியவை அல்ல. இருபது வருடம் அலுவலகக் கடிதம் எழுதிய எனக்கு அது தெரியும். அடிக்கவில்லை.

என் பெயர், பழைய படை எண், கையெழுத்து. இரண்டு பிரதி: ஒன்று காவல் நிலையத்துக்கு, மற்றது நகராட்சிக்கு.

“நகராட்சிக்கு எதுக்கு?” என்றார் அக்கா. “போலீஸுக்கு மட்டும் போதாதா? கேப்டன் சொன்ன மாதிரி சாவியைப் பிடுங்கிட்டா?”

“போலீஸ் சொல்லி அவங்களுக்குத் தெரிஞ்சா, மறைச்சோம்னு ஆகும். நானே சொன்னா, பிடுங்குறவன் என் முகத்தைப் பார்த்துப் பிடுங்கணும்.”

மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. காவல் நிலையத்துக்கான பிரதியை மடித்து, பட்டியலோடு உறைக்குள் போட்டு, பசை தடவி, மேசையில் வைத்து முழங்கையால் அழுத்தினார். மணி மூன்றே முக்கால். அதை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போதே ஓடுகிறவர் மாதிரி போனார்.

நான் நகராட்சி உறையை ஒட்டி, எதிர்ச்சாரியில் உள்ள தபால் நிலையத்துக்குப் போனேன். பதிவுத் தபால் சன்னலில் இருந்தவர் முகவரியைப் படித்துவிட்டு, “பக்கத்துத் தெருதானே சார், நேர்ல கொடுத்தா வேலை முடிஞ்சது” என்றார்.

“நேர்ல கொடுத்தா வரவே இல்லைம்பாங்க. முத்திரை குத்துங்க.”

குத்தினார்.