இரண்டு முகமூடி, ஒரு கொக்கி

பெரியவன், சின்னவன் என்பதெல்லாம் பெற்றவர்கள் வைத்த பெயர்கள் அல்ல. வெகு காலத்துக்கு முன்னால் வந்த ஒரு சண்டைப் படத்தில் இருவரும் அண்ணன் தம்பித் திருடர்களாக நடித்தார்கள். படம் ஓடு ஓடென்று ஓடியது. அன்றிலிருந்து லைட் தூக்குகிறவர் முதல் படமெடுக்கும் முதலாளி வரை எல்லாரும் அவர்களை அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அவர்களும் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டார்கள்.

அதன்பின் சின்னவன் மளமளவென்று ஏறினான். அவன் தும்மினாலும் தியேட்டரில் கைதட்டினார்கள். பெரியவனுக்குத் தனிக் கதாநாயகனாக இரண்டு படங்கள் கிடைத்தன. இரண்டும் போஸ்டரின் பசை காய்வதற்குள் தியேட்டரைக் காலி செய்தன. பிறகு வில்லனின் வலதுகை, பிறகு நாயகனின் குடும்பஸ்த அண்ணன், பிறகு எல்லாம் முடிந்தபின் ஜீப்பில் வந்து கைது செய்கிற போலீஸ் அதிகாரி, கடைசியில் டிவி தொடரில் மூலையில் உட்கார்ந்து கண்ணைத் துடைக்கிற அப்பா. நடிப்பென்று பார்த்தால் அவன்தான் ஒரு படி மேல் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் டிக்கெட் வாங்குவதில்லை.

இதற்கு நடுவில் சின்னவன் பெரியவனின் தங்கையைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டான். சிநேகிதர்களாக இருந்தவரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள், மாமன் மச்சான் ஆனதும் அளந்து பேச ஆரம்பித்தார்கள். நல்லது கெட்டதில் பார்த்துக்கொண்டால் சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு சரி.

இப்போது அந்தப் பழைய படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். சின்னவனுடைய கடைசி மூன்று படங்கள் படுத்துவிட்டன. அதனால் பழைய படத்தின் பெயராவது தூக்கி நிறுத்தாதா என்ற நப்பாசை. பெயர் வேண்டுமென்றால் பெரியவனும் வேண்டும். தொடரில் அழுதுகொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, முகத்தைத் துடைத்து, மறுபடி கதாநாயகன் என்றார்கள். கண்ணாடி முன் கறுப்புச் சட்டையைப் போட்டுப் பார்த்த அன்று அவனுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது. அதைப் படம்பிடிக்கத்தான் யாரும் இல்லை.

இன்றைக்கு எடுக்கப்போவது மாடியிலிருந்து குதிக்கிற காட்சி. பாதி கட்டி நின்றுபோன ஒரு உயரமான கட்டடம். மொட்டைமாடியில் ஒரு பக்கம் கைப்பிடிச் சுவரை இடித்து வழி விட்டிருந்தார்கள். கேமரா கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பதால் தரையில் மெத்தை கிடையாது, வலை கிடையாது, வெறும் சிமெண்டுதான். விளிம்புக்கு மேலே கிரேனின் கை நீண்டிருந்தது. அதில் உருளை, உருளை வழியே மெல்லிய கறுப்புக் கம்பிக் கயிறு. கயிற்றின் ஒரு முனையை மாடியின் மறுகோடியில் ஆறு பேர் இழுத்துப் பிடிப்பார்கள். மறுமுனையில் கொக்கி. குதிக்கிறவன் சட்டைக்குள் இடுப்பையும் தோளையும் சுற்றிப் பெல்ட் கட்டியிருப்பான். சட்டை முதுகில் ஒரு கிழிசல் விட்டு, அதன் வழியாகக் கொக்கியை மாட்டுவார்கள். அடுத்த ஷாட்டில் பெரியவனும் குதிக்க வேண்டும் என்பதால் அவனுக்கும் அதே பெல்ட்டைக் கட்டி, சட்டையில் கிழிசலும் விட்டிருந்தார்கள்.

காலையில் தங்கை போன் செய்திருந்தாள். இரண்டு மாதமாகவே அவள் வீட்டுக்காரருக்குத் தலைசுற்றல் இருக்கிறதாம். மாடிப்படி இறங்கும்போதே கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறாராம். டூப் வைத்துக்கொள்ளுங்கள் என்று காலில் விழாத குறையாகச் சொல்லியும் கேட்கவில்லை; எல்லாச் சண்டையும் தானே போடுவதாகப் பேட்டி கொடுத்துத் தொலைத்துவிட்டாராம்.

"நீ அவர் பக்கத்துலயே இருண்ணா," என்றாள். "எனக்குப் பயமா இருக்கு."

நான் இருக்கிறேன், பயப்படாதே என்று பெரியவன் சொன்னான். மாடிக்கு ஏறியதும் விளிம்புப் பக்கம் போய் ஒருமுறை எட்டிப் பார்த்தான். கீழே நின்றவர்களுக்குத் தலை மட்டும்தான் இருந்தது, உடம்பே இல்லை. சட்டென்று பின்வாங்கினான். சின்னவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எல்லாரிடமும் ஜோக் அடித்துக்கொண்டிருந்தான். கையிலிருந்த டீ மட்டும் தளும்பிக்கொண்டே இருந்தது.

பெரியவனுக்கு அவன்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். நேற்று மாலை வரை வந்துமிருக்கும். மேக்கப் போடுகிறவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் ஒரு சேதி சொல்லிவிட்டார். கதை மாறிவிட்டதாம். பெரியவன் இடைவேளையிலேயே செத்துப்போகிறானாம். டைரக்டருடைய யோசனை அல்ல. அதைக் கேட்டு வாங்கியது சின்னவன். படம் முழுக்க இரண்டு பேர் என்றால் கைதட்டலும் பாதியாகிவிடும் என்றானாம். பெரியவன் ராத்திரி முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். இன்னொரு தடவை தொடருக்குப் போய் அந்த மூலையில் உட்கார அவனால் முடியாது. அந்தப் பயம் அவனுக்கு இந்த மாடியைவிட உயரமாக இருந்தது.

கதைப்படி இரண்டு திருடர்களும் எதிரியின் கண்ணில் மண்ணைத் தூவ ஒரே மாதிரி உடை போட்டு, தலையை மூடிய தொப்பிச் சட்டையோடு முகத்துக்கும் கறுப்புத் துணி கட்டியிருப்பார்கள். கண் மட்டும்தான் தெரியும். யார் எவர் என்று அவர்களைப் பெற்றவர்களே வந்தாலும் சொல்ல முடியாது. படப்பிடிப்பு ஆட்களுக்கு அதைப் பற்றிக் கவலையும் கிடையாது. அவர்கள் முகத்தைப் பார்த்து வேலை செய்கிறவர்கள் அல்ல. தரையைப் பார்த்து வேலை செய்கிறவர்கள். நடிகன் நிற்க வேண்டிய இடத்தில் கலர் டேப் ஒட்டியிருக்கும். லைட்டும் கேமராவும் கயிறும் அந்த டேப்புக்குத்தான். சிவப்பு டேப்பில் நிற்பவனுக்குக் கொக்கி மாட்டு என்று ஃபைட் மாஸ்டர் கயிற்றுக்காரனிடம் சொல்லியிருந்தார். சிவப்பில் நின்றது சின்னவன். நீலத்தில் பெரியவன். இந்த ஷாட்டில் அவன் வேலை தம்பி குதிப்பதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பது, அவ்வளவுதான்.

உருளையில் கயிறு சிக்கிக்கொண்டதென்று கயிற்றுக்காரன் கிரேன் பக்கம் போனான். அந்த நேரம் பார்த்து வெயில் நகர்ந்தது. டைரக்டர் மானிட்டரிலிருந்து தலையைத் தூக்கி, நிழல் விழுகிறது, இரண்டு பேரும் இடம் மாறி நில்லுங்கள் என்றார். மாறி நின்றார்கள். டேப்பை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. உடைக்காரர் ஓடிவந்து சின்னவனின் சட்டையை முதுகுப் பக்கம் இரண்டு இழுப்பு இழுத்துச் சுருக்கம் எடுத்துவிட்டுப் போனார். கயிற்றுக்காரன் திரும்பி வந்தான், சிவப்பு டேப்பைப் பார்த்தான், அதில் நின்றவனின் முதுகில் கொக்கியை மாட்டினான், பூட்டைத் திருகினான், போய்விட்டான்.

பெரியவன் முதுகில் கடக்கென்றது.

அவன் கை தானாகப் பின்னால் போனது. விரலுக்கு இரும்பு தட்டுப்பட்டது. ஒரு கணம் தனக்கும் பாதுகாப்புக்காக மாட்டுகிறார்கள் போல என்று நினைத்தான். அடுத்த கணமே, மாடியில் இருப்பது ஒரே ஒரு கயிறு என்பது உறைத்தது. நீல டேப்பில், நான்கு எட்டு தள்ளி, மாப்பிள்ளை வெறும் முதுகோடு நிற்கிறான். உடைக்காரர் இழுத்ததையே கொக்கி மாட்டியதாக நினைத்துக்கொண்டு நிற்கிறான்.

வாயைத் திறந்தான். சொல்ல வேண்டியது இரண்டே வார்த்தை. நேரம் தாராளமாக இருந்தது. சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எத்தனையோ தடவை தன்னைத்தானே கேட்டுக்கொண்டான். செத்துப்போகட்டும் என்று நினைக்கவில்லை. கடவுள் சத்தியமாக நினைக்கவில்லை. எப்படியும் ஃபைட் மாஸ்டர் ஒருமுறை சரிபார்ப்பார், அப்போது தெரிந்துவிடும், கொக்கியே இல்லாமல் நின்றிருந்தோம் என்று தெரிந்து இவன் ஒரு நிமிஷம் வெலவெலத்துப் போகட்டும், ராத்திரி பூராவும் நான் பயந்ததில் கொஞ்சம் இவனும் பயப்படட்டும் என்றுதான் நினைத்தான். இறக்கிய கையை மார்போடு கட்டிக்கொண்டான்.

ஃபைட் மாஸ்டர் சரிபார்த்தார். கொக்கி மாட்டியாச்சா என்று தூரத்திலிருந்து கேட்டார். மாட்டியாச்சு என்றான் கயிற்றுக்காரன். அவன் பொய் சொல்லவில்லை.

இனி யாரும் கிட்டே வந்து பார்க்கப் போவதில்லை என்பது அந்த நிமிஷம்தான் பெரியவனுக்கு உறைத்தது. அதோடு காற்றடிக்கிற ராட்சத மின்விசிறியையும் போட்டுவிட்டார்கள். அது போட்ட சத்தத்தில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அவன் கத்தினான். கத்தியது அவன் காதுக்கே எட்டவில்லை. முகத்தில் துணி கட்டியிருந்ததால் வாய் அசைந்ததும் யாருக்கும் தெரியவில்லை. ஃபைட் மாஸ்டர் சிவப்புக் கொடியை உயர்த்தி இறக்கினார்.

சின்னவன் ஓடினான்.

பெரியவனும் ஓடினான். கால் தரையில் பாவவில்லை. விளிம்புக்கு ஒரு முழம் இருக்கும்போது சட்டைக் கை அகப்பட்டது. பிடித்து இழுத்தான். சின்னவன் திரும்பினான். துணிக்கு மேலே அந்தக் கண்களில் தெரிந்தது பயம் அல்ல, ஆத்திரம். காட்சியில் இல்லாத ஒன்றைச் செய்து மச்சான் தன் குதிப்பைத் திருடப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டான். அந்தப் பழைய படத்திலேயே இரண்டு பேரும் ஒருவர் காட்சியை ஒருவர் திருடி வளர்ந்தவர்கள்தானே.

"விடு மச்சான், என் ஷாட்டு இது," என்று காதருகே கத்தி, கையை உதறினான்.

உதறிய வேகத்தில் அவன் குதிகால் விளிம்பைத் தாண்டியது. உடம்பு பின்னால் சாய்ந்தது. தலைசுற்றலோ என்னவோ, கைகள் காற்றைப் பிடித்தன. பெரியவன் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நின்றிருப்பான். பாய்ந்து இரண்டு கையாலும் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டான். இருவரும் சேர்ந்தே போனார்கள்.

ஜன்னல் இல்லாத ஜன்னல் சட்டங்கள் மேலே பறந்தன. பிறகு முதுகை யாரோ கோடரியால் பிளந்ததுபோல் ஒரு வெட்டு வெட்டிக் கயிறு நின்றது. மேலே ஆறு பேரும் இரண்டு பேர் கனத்தை எதிர்பார்க்காமல் தரையோடு தேய்ந்து இழுபட்டார்கள், கயிறு இன்னொரு முழம் இறங்கியது, மறுபடி நின்றது. இருவரும் சுவரில் மோதிச் சுழன்றார்கள்.

சின்னவன் கை தன் முதுகுக்குப் போய்த் தடவியது. ஒன்றும் இல்லை. மறுபடி தடவியது. பிறகு மெல்லப் பெரியவனின் முதுகுக்கு வந்தது. கொக்கியைத் தொட்டது. அங்கேயே நின்றது.

"மச்சான்," என்றான். தியேட்டரை அதிரவைக்கிற அந்தக் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. "விட்டுடாத."

பெரியவனுக்குக் கை மரத்துக்கொண்டு வந்தது. விடமாட்டேன் என்று சொல்லக்கூட மூச்சு இல்லை. தங்கையின் முகம்தான் கண்முன் நின்றது. விரல்களைக் கோத்து, பல்லைக் கடித்து, சின்னவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, இழுங்கடா, இழுங்கடா என்று மனதுக்குள் கதறினான். ஒரு வழியாக இழுத்தார்கள்.

மாடியில் அல்லோலகல்லோலம். கயிற்றுக்காரன் பேயறைந்த மாதிரி நின்றான். ஃபைட் மாஸ்டர் அவனை அடிக்கப் போய், அடிக்காமல் அவன் தோளிலேயே சாய்ந்து அழுதார். ஆளாளுக்குப் பெரியவனின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தெய்வம் மாதிரி வந்தீர்கள் என்றார்கள். உடைக்காரர் காலிலேயே விழுந்தார். பெரியவன் ஒரு காலி பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தான். உயிரோடு கொண்டுவந்துவிட்டோம் என்று உள்ளே எங்கோ ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது.

டைரக்டர் ஒருவர்தான் தன் தொழிலை மறக்கவில்லை. மாடியில் வைத்திருந்த பக்கவாட்டுக் கேமரா எல்லாவற்றையும் பிடித்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டார். வெளிச்சம் பார்ப்பதற்காகக் கேமராக்காரர் முன்னாலேயே ஓடவிட்டிருந்தாராம். எல்லாரும் மானிட்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். சின்னவனைத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் முன் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பெரியவன் எழுந்திருக்கவில்லை. அவன் இருந்த இடத்திலிருந்தே படம் நன்றாகத் தெரிந்தது.

திரையில் கயிற்றுக்காரன் வந்தான், மாட்டினான், போனான். முகமூடி போட்ட ஒருவனின் கை முதுகுக்குப் போனது. தடவியது. நின்றது. தலை மெதுவாகத் திரும்பி, தள்ளி நின்ற இன்னொரு முகமூடியைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. கை இறங்கியது. இரண்டு கைகளும் நிதானமாக மார்போடு கட்டிக்கொண்டன.

மற்றவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் குதிக்கிற இடத்துக்காகக் காத்திருந்தார்கள். இருவரும் கட்டிக்கொண்டு விழுந்த இடத்தில் ஐயோ என்று ஒரே குரலில் அலறினார்கள், பிறகு கைதட்டினார்கள்.

சின்னவன் கைதட்டவில்லை. ஆரம்பத்திலிருந்து இன்னொரு தடவை போடச் சொன்னான். போட்டார்கள். கைகட்டுகிற இடத்தில் நிறுத்தச் சொன்னான். நிறுத்தினார்கள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தான். பிறகு நாற்காலியைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பிப் பெரியவனைப் பார்த்தான். மேலேயிருந்து விழுந்தபோதுகூடப் பெரியவன் இப்படிப் பயப்படவில்லை.

டைரக்டரை அருகே அழைத்துச் சின்னவன் பேசினான். இடைவேளையில் பெரியவன் சாகிற காட்சி வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றான். கடைசி வரைக்கும் இருவரும் சேர்ந்தே வரட்டும். டைரக்டர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. உயிரைக் காப்பாற்றியவருக்கு இதைவிட வேறு என்ன மரியாதை செய்ய முடியும் என்று சுற்றியிருந்தவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். யாரோ பெரியவனின் முதுகைத் தட்டிக்கொடுத்தார்கள்.

"ஒண்ணே ஒண்ணு சார்," என்றான் சின்னவன். கண்ணைப் பெரியவனிடமிருந்து எடுக்கவில்லை. "எந்த ஷாட்லயும் அவர் எனக்குப் பின்னால நிக்க வேண்டாம். என் கண்ணுக்கு முன்னாலயே இருக்கட்டும்."

பெருந்தன்மையைப் பாருங்கள் என்று மறுபடி கைதட்டினார்கள். பெரியவன் எழுந்து நின்று, அவர்களைப் பார்த்துக் கும்பிட்டான். வேறு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.