நோயில்லாத ஒருவர்

விழுங்கச் சொல்கிறவர் முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். விழுங்குகிறவர் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்காது. அந்த ஆராய்ச்சிப் பிரிவில் சிரிப்புக்குச் சொந்தக்காரர் நூல் டாக்டர். பெற்றோர் வைத்த பெயரை ஆஸ்பத்திரி எப்போதோ மறந்துவிட்டது.

அவர் கண்டுபிடித்தது ஒரு மாத்திரை. அதன் வாலில் ஒரு நூல். தண்ணீரோடு விழுங்கிவிட்டு, நூலின் மறுமுனையைக் கன்னத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். வயிற்றில் மாத்திரையின் உறை கரைந்ததும் உள்ளே அமுங்கிக் கிடக்கும் பஞ்சு விரியும். நூலைப் பிடித்து இழுத்தால், உணவுக்குழாய் நெடுக உரசிக்கொண்டு பஞ்சு மேலே வரும். அதில் ஒட்டியிருக்கும் செல்களைக் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புற்றுநோய் இன்னும் வராவிட்டாலும், வருகிற உத்தேசத்தில் இருப்பது தெரிந்துவிடும்.

"ஒண்ணும் தெரியாது. தண்ணி குடிக்கிற மாதிரிதான்" என்பார் எல்லாரிடமும். அவர் மட்டும் அதுவரை விழுங்கியதில்லை.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவருடைய மச்சான். மனைவியின் அண்ணன், கல்லூரியிலும் ஒரே வகுப்பு. அந்த நூலை அவர் ஒருநாளும் நம்பியது கிடையாது.

"மாப்ள, நூல்ல கட்டி மீன் பிடிக்கலாம். நோயெல்லாம் அதுல மாட்டாது" என்பார்.

"நீ பார்க்க வேண்டியதைப் பாரு மச்சான். மாட்டுதா இல்லையான்னு கண்ணாடிச் சில்லு சொல்லும்."

ஆராய்ச்சியின் விதி எளிது. நோயாளிகள் ஒரு கூட்டம், நெஞ்செரிச்சல்கூட இல்லாத நோயில்லாதவர்கள் ஒரு கூட்டம். எந்தச் சில்லு யாருடையது என்று மச்சானுக்குத் தெரியக் கூடாது. நோயாளிகளுக்குப் பஞ்சமே இல்லை. பயந்தவர்கள் எதையும் விழுங்குவார்கள். நன்றாக இருப்பவனைப் பிடித்து இதை விழுங்கு என்றால் எவன் சம்மதிப்பான்? கடைசியாக ஓர் ஆள் குறைந்தது. வாசல் காவலாளி சரி என்று தலையாட்டினார், நூலைப் பார்த்தார், டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். டீக்கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அவர் ஊரைத் தாண்டி இருக்கும் டீக்கடைக்குப் போயிருக்க வேண்டும்.

"விடுங்க, நானே உட்கார்றேன்" என்றார் நூல் டாக்டர்.

நர்ஸம்மா எல்லாரையும் கேட்கிற கேள்விகளை அவரையும் கேட்டாள். "நெஞ்செரிச்சல் உண்டா சார்?"

"இல்ல."

அவர் பொய் சொல்லவில்லை. மேஜை இழுப்பறையில் ரோஸ் நிற அமில மருந்து பாட்டில் ஒன்று நிரந்தரமாக இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மூடியில்கூட ஊற்றாமல் நேராக வாயில் கவிழ்த்துக்கொள்வார். ஆனால் அது நெஞ்செரிச்சல் அல்ல, மனைவியின் சமையல். அவள் கை காரம் கொஞ்சம் தூக்கல். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிக்கொண்டிருக்கும் புகார் அது. மாநாடுகளில் பேசும்போது, "நம்ம ஆளுங்க பெண்டாட்டி சமையலைக் குத்தம் சொல்லிக்கிட்டே வருஷத்த ஓட்டிடுவாங்க, முத்தினதுக்கப்புறம்தான் நம்மகிட்ட வருவாங்க" என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவார். இரண்டு விஷயங்களும் ஒரே மண்டைக்குள் சண்டை சச்சரவில்லாமல் குடியிருந்தன.

விழுங்கினார். குமட்டியது, கண்ணில் நீர் கொட்டியது. நூலை இழுத்தபோது அடிவயிற்றையே பிடுங்குவது போலிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, வரிசையில் இருந்த அடுத்த நோயாளியிடம் சொன்னார்: "ஒண்ணும் தெரியாது. தண்ணி குடிக்கிற மாதிரிதான்."

சில வாரங்களுக்குப் பிறகு மச்சான் அவர் அறைக்கு வந்தார். வழக்கமான கேலி முகத்தில் இல்லை.

"மாப்ள, உன் நூலு பரவாயில்லப்பா. நோயாளிங்களைச் சரியாப் பிடிச்சிருக்கு. ஆனா நோயில்லாத கூட்டத்துல ஒண்ணு உதைக்குது. சாயம் நல்லா ஏறியிருக்கு. செல்லெல்லாம் கோணிக்கிட்டு நிக்குது. நாலு தடவை பார்த்துட்டேன்."

இது சின்ன விஷயமில்லை. நன்றாக இருப்பவருக்கு இவ்வளவு மோசமான நோய் இருப்பதாகச் சொல்லும் சோதனையை அடுத்த கட்டத்துக்கு அனுப்ப மாட்டோம் என்று மேற்பார்வைக் குழு முதலிலேயே சொல்லியிருந்தது. அந்த ஆளுக்குத் தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் நூல் பொய், பத்தாண்டு உழைப்புக்குக் கருமாதி. இருந்தால் நூல் உண்மை.

யார் அந்த ஆள் என்று நர்ஸம்மா எண்ணை வைத்துப் பார்த்தாள். பார்த்த பிறகு தலையை நிமிர்த்தவில்லை.

"சார்... நீங்க."

அவர் எண்ணை வாங்கித் தானும் ஒரு தடவை பார்த்தார்.

"நூல்ல கோளாறு இருக்கலாம்" என்றார் நூல் டாக்டர்.

மச்சான் அவரை வெறித்துப் பார்த்தார். "என்னது?"

"சாயம் சில சமயம் தப்பா ஏறும். பஞ்சு வேற எதையாவது உரசியிருக்கும். இன்னும் முழுசா நிரூபணமாகாத சோதனைதானே மச்சான்."

"டேய், பத்து வருஷமா இதையேதான்டா நான் கத்திக்கிட்டிருந்தேன். அப்பெல்லாம் எனக்குக் கண்ணு தெரியலன்ன."

"உனக்குத்தான் நூல்மேல நம்பிக்கையே கிடையாதே!"

"இப்ப வந்துடுச்சு. மரியாதையாக் குழாய் விட்டுப் பார்க்க வா. உனக்கு நெஞ்செரிச்சல் உண்டா?"

"இல்ல. உன் தங்கச்சி சமையல்..."

சொல்லி முடிப்பதற்குள் அவர் வாய் தானாக நின்றது. மச்சான் இழுப்பறையைத் திறந்தார். பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

நூல் டாக்டர் வீடு போய்ச் சேருவதற்குள் செய்தி முந்திக்கொண்டுவிட்டது. மனைவி அழுதிருந்தாள். அழுகையை முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

"ஏங்க, ஊரான் வயித்துக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறீங்க. உங்க வயித்துக்கு நான்தான் நோயா?"

"காரம் கொஞ்சம்..."

"காரத்தப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினீங்க, நானே உங்களுக்குக் குழாய் விடுவேன்."

மறுநாள் குழாய் விட்டார்கள். மயக்க ஊசி போடுமுன் மேஜையில் படுத்தபடி அவர் மனதுக்குள் ஒரு பேரம் நடத்திப் பார்த்தார். நூல் பொய்யாகட்டும், நான் பிழைத்துக்கொள்கிறேன். உடனே தோன்றியது: நூல் பொய்யென்றால் இத்தனை வருஷம் நான் எதற்கு இருந்தேன்? இரண்டில் எதை வேண்டிக்கொள்வது என்று முடிவு செய்வதற்குள் ஊசி வேலை செய்துவிட்டது.

கண் விழித்தபோது மச்சான் பக்கத்தில் நின்றிருந்தார்.

"இருக்கு மாப்ள. கட்டை விரல் நகம் அளவுக்கு. மேலாப்புலதான் இருக்கு, வேர் விடல. வயித்தக் கிழிக்க வேண்டாம், குழாய் வழியாவே சுரண்டி எடுத்துடலாம். இன்னும் ஒரு வருஷம் அந்த பாட்டிலைக் குடிச்சுக்கிட்டே இருந்திருந்தா சங்குதான்." பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நூல் சரியாத்தான் சொல்லுச்சு."

அடுத்த வாரம் அதை எடுத்தார்கள். நூல் டாக்டர் தேறி எழுந்ததும் செய்த முதல் வேலை, குழுவின் முன் போய் நின்றது. இந்த நூலின் ஆகப் பெரிய வெற்றி நானே என்று சொல்ல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனார்.

குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருந்திருக்கு. அதனால நீங்க நோயில்லாதவங்க கூட்டத்துல வர முடியாது."

"சரி, நோயாளிங்க கூட்டத்துல சேர்த்துக்குங்க."

"நோயில்லைன்னு சொல்லி வந்தவரை அதுல எப்படிச் சேர்க்கிறது? இந்த விதியை எழுதினதே நீங்கதானே, டாக்டர்."

ஆக, அந்த நூல் காப்பாற்றிய முதல் உயிர் அந்த ஆராய்ச்சியில் எங்கேயும் இல்லை. சோதனை தேறியது. அடுத்த கட்டத்துக்கு அனுமதியும் கிடைக்கும், குறைகிற அந்த ஒரு நோயில்லாத ஆளை மட்டும் கொண்டுவந்துவிட்டால்.

காவலாளியைத் தேடினார்கள். டீ குடிக்கப் போயிருந்தார்.

"நான் விழுங்கறேன்" என்றாள், விஷயம் கேட்டு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்ட மனைவி.

"உனக்கு எதுக்கும்மா வீண் வேலை?"

"எதுக்குன்னு உங்களுக்கே தெரியும்."

நர்ஸம்மா கேட்டாள்: "நெஞ்செரிச்சல் உண்டாங்க?"

"இல்லம்மா. நானும் அதே சமையலத்தான் சாப்பிடறேன்" என்றாள், கணவனைப் பார்த்தபடி.

நூல் டாக்டர் வழக்கப்படி வாயைத் திறந்தார். "ஒண்ணும் தெரி..." அதற்குமேல் வரவில்லை. "குமட்டும். கஷ்டமாத்தான் இருக்கும்" என்றார்.

அவள் ஒரே மடக்கில் விழுங்கினாள். குமட்டவே இல்லை.

இரண்டு நாள் கழித்து, யாருடையது என்று தெரியாமல் சில்லைப் பார்த்த மச்சான் தலையை நீட்டிக் கத்தினார்: "மாப்ள, இவ்வளவு சுத்தமான தொண்டைய நான் பார்த்ததே இல்ல. யாருதுப்பா?"

"அதைச் சொல்லக் கூடாது மச்சான். விதி."

அன்று வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தார். டாக்டர்கள் அவருக்குக் காரம் கூடாது என்றிருந்ததால் அவள் ஒரு பொட்டுக் காரமும் சேர்க்கவில்லை. வாயில் வைத்தால் மண் மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு?" என்றாள் அவள், எதிரில் உட்கார்ந்து தன் தட்டில் மிளகாய்ப் பொடியைத் தூவிக்கொண்டே.

"நல்லா இருக்கு" என்றார் நூல் டாக்டர், விழுங்கிவிட்டு.