சாமியறைப் பக்கம்

நீச்சல் குளத்துக்கு பம்ப் வைக்க அதைவிடத் தோதான மூலை லின்ஃபீல்ட் வட்டாரத்திலேயே கிடைக்காது என்றுதான் சிந்து நினைத்தாள். தவராசாவின் பின்வளவில் வேலியோரம் நிலம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. அங்கே வைத்தால் பம்ப் குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே நிற்கும். காற்றை இழுத்துக்கொண்டு முனகாது. குழாயும் நேராகப் போகும், ஒரே ஒரு வளைவு. வளைவு குறைந்தால் தண்ணீருக்குச் சிரமம் குறையும், மின்சாரமும் மிச்சம்.

அவள் தனியாக வரைந்த முதல் திட்டம் அது. திருச்சியில் இயற்பியல் படித்தவள். வெளிநாடு வந்து, ஒனிஹங்காவில் நீச்சல் குளம் கட்டித் தரும் சிறிய நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து அதிக நாளாகவில்லை. முதலாளி மைக்கேல் மலேசியத் தமிழர். "நீயே போய் முடிச்சிட்டு வா லா" என்று அனுப்பிவிட்டார். புதியவர்களிடம் பேசுவதென்றால் சிந்துவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். குழாய்களிடம் அந்தத் தொல்லை இல்லை.

தவராசா யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தாண்டியவர். முழங்கால் தேய்ந்துவிட்டது, தண்ணீருக்குள் நடந்து பழகச் சொல்லியிருந்தார் டாக்டர். பொதுக் குளத்தில் அரைக்காற்சட்டையோடு நிற்க அவருக்குக் கூச்சம். மகன், வீட்டிலேயே குளம் கட்டித் தருகிறேன் என்றுவிட்டான்.

"மூலை சரிதானே பிள்ளை?"

"சரிதான் அங்கிள். ஆனா வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் இருக்கே. சத்தம் கேக்காதா?"

"அதோ? அது என்ரை தம்பி வீட்டுச் சாமியறை. சாமிக்கு மணிச்சத்தம் பழக்கம்தானே, இதையும் கேட்டிட்டுப் போகட்டும்."

ஒரே காணியை இரண்டாகப் பிரித்து அண்ணனும் தம்பியும் வாங்கிய வீடுகள் அவை. இப்போது தம்பி தியாகலிங்கத்தோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. ஏன் என்று சிந்து கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஒன்றுதான் இடித்தது. வடிகட்டியைக் கழுவும் அழுக்குத் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில்தான் சேர்க்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் பொதுவான அந்தக் குழாயின் மூடி தம்பியின் பக்கத்தில் இருந்தது.

"நீர் போய்ப் பாரும். நான் வரேல்லை" என்றார் தவராசா.

"நான் மட்டுமா?"

"அங்கை கடிக்கிறதுக்கு நாய் ஒண்டும் இல்லை. தம்பிதான் இருக்கிறான். அவனும் வேலைக்குப் போயிட்டான்."

சொல்ல வேண்டியதை இரண்டு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போய் சிந்து கதவைத் தட்டினாள். திறந்த பெண்மணியின் தலையில் கம்பளித் தொப்பி. புருவம் இருந்த இடத்தில் எதுவும் இல்லை. ஒத்திகை பார்த்த வாக்கியம் சிந்துவுக்கு மறந்துபோயிற்று.

"நீச்சல் குளப் பிள்ளைதானே? வேலிக்கு மேலாலை கண்டனான்" என்றாள் அந்தப் பெண்மணி. தியாகலிங்கத்தின் மனைவி மாலினி. "மூடி பின்னாலை கிடக்கு. போய்ப் பாரும்."

மூடி அந்த ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. சிந்து அதைத் திறந்து, ஆழத்தை அளந்து நிமிர்ந்தபோது உள்ளே மாலினி கட்டிலில் வந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்துப் பெட்டிகள். எதிர்ச்சுவரில் விளக்குப் புகை படிந்த கறுப்பு அப்படியே இருந்தது.

"இது சாமியறைதான்" என்றாள் மாலினி, சிந்து பார்ப்பதைக் கண்டு. "குளியலறை கிட்ட, வெயிலும் விழும். அதுதான் நான் பிடிச்சிட்டன். சாமியளெல்லாம் இப்ப ஹோலிலை ரீவியோடை இருக்கினம்."

சிந்துவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"மருந்து ஏத்தினால் இரவிலை நித்திரை வராது பிள்ளை. பகலிலைதான் கொஞ்சம் கண்ணயருறது." மாலினி குரலைத் தாழ்த்தினாள். "இவரின்ரை அண்ணைக்கு என்ரை நோய் வருத்தத்தைச் சொல்லிப்போடாதையும். பாவம் பாத்து வந்து கதைக்கிறதெண்டால் வரவே வேண்டாம் எண்டு இவர் சொல்லிப்போட்டார்."

"சொல்ல மாட்டேன் ஆன்ட்டி."

"பம்ப் எங்கை வருது?"

"இன்னும்... முடிவு பண்ணல."

திரும்பி வரும்போது கையிலிருந்த வரைபடம் அவளுக்குக் கனத்தது. எவ்வளவு ஒழுங்கான கோடுகள்! ஒரே ஒரு வளைவு. அது முடியும் இடத்திலிருந்து நாலடியில் அந்தக் கட்டில்.

"அங்கிள், பம்பை உங்க வீட்டுப் பக்கமா மாத்திடலாமா?"

"ஏன்? இப்பதானே நல்ல மூலை எண்டீர்."

"அங்க மழைத்தண்ணி தேங்கும்."

"கல்லை அடுக்கி உயர்த்தும்."

"உயர்த்தினா நீர்மட்டத்துக்கு மேல போயிடும்."

"அப்ப உயர்த்தாதையும்."

"சத்தமும் வரும் அங்கிள்."

"சுத்திவரப் பெட்டி அடிப்பம்."

"பெட்டிக்குள்ள மோட்டார் சூடாயிடும்."

"ஓட்டை போடுவம்."

"ஓட்டை வழியா சத்தம் வரும்."

"அட, அங்கை சாமிதானே பிள்ளை இருக்கு!"

சிந்து அளவு நாடாவை இழுத்தாள், விட்டாள். கொடுத்த வாக்கை மீறக் கூடாது. பொய் சொல்லவும் வரவில்லை. சொல்லக்கூடியதாக மிச்சமிருந்தது ஒன்றுதான்.

"சாமி அங்க இல்ல அங்கிள்."

தவராசா கடகடவென்று சிரித்தார். "என்ன, நாத்திகம் கதைக்கிறீரோ?"

"இல்ல. ஹாலுக்கு மாத்திட்டாங்க. டிவி பக்கத்துல இருக்கு."

எந்தச் சாமான் எந்த அறையில் இருக்கிறது என்பதை மட்டும்தானே சொன்னோம் என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"சாமியறையை ஒருதரும் சும்மா மாத்தாயினம்" என்றார் மெல்ல. "அங்கை இப்ப ஆர் படுக்கிறது?"

சிந்து நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, சொல்ல வேண்டாம்." அவர் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "தம்பிதான் இப்ப உடுப்புக் காயப்போடுறான். காலமை காலமை காணுறனான். மாலினி நல்லா வேலை வாங்குறாள் எண்டு எனக்குள்ளை சிரிச்சனான் பிள்ளை."

பக்கத்துத் தெருவில் யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தத் திசையை முகம் சுளித்துப் பார்த்தார்.

"என்ரை படுக்கையறைக்குப் பின்னாலை போடும் பம்பை."

"குழாய் நீளும். வளைவும் கூடும். பெரிய குழாயாப் போட்டு, மெதுவா ஓடுற பம்பா வைக்கணும். அப்பவும் உங்களுக்குச் சத்தம்..."

"எனக்கோ? நான் விடுற குறட்டைக்கு மோட்டர்தான் பயந்து எழும்பும்."

சிந்து சிரித்தாள். புதுக் கோடு போட ஆரம்பித்தாள். நாலு வளைவு வந்தது. பரவாயில்லை, கணக்குக்குள் அடங்கியது. மாலினிக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றியாயிற்று, அவளுடைய தூக்கத்தையும் காப்பாற்றியாயிற்று. இந்த வேலை தனக்கு வரும்போலிருக்கிறது என்றுகூட அவளுக்குத் தோன்றியது.

"கிடங்கு வெட்டுற மெசின் எப்ப வருது?" என்று கேட்டார் தவராசா.

"திங்கக்கிழமை."

"எத்தினை நாள் வெட்டும்?"

"களிமண்ணுதான். ஒரு வாரத்துல முடிஞ்சிடும். மண்ணை அள்ள லாரி வரும். அப்புறம் கம்பி கட்டி, கான்கிரீட்டைப் பீய்ச்சி..." சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்தது. பம்பின் முனகலை நினைத்து அவ்வளவு பாடுபட்டவளுக்கு, அதற்கு முன்னால் வரப்போகும் இடிமுழக்கம் தோன்றவே இல்லை.

தவராசா கையை நீட்டினார். "மைக்கேலை எடுத்துத் தாரும்."

அவள் ஃபோனை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மைக்கேல், திங்கட்கிழமை வேண்டாம்."

"ஏன் அங்கிள்? மெஷின் புக் பண்ணியாச்சு லா. அந்தப் பொண்ணு ஏதும் தப்பு பண்ணிட்டாளா?"

"பிள்ளை திறமா செய்யுது. நாள்தான் சரியில்லை. இப்ப நிலத்திலை கை வைக்கக் கூடாதாம்."

மைக்கேல் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். இந்து வாடிக்கையாளர்களின் நாள் நட்சத்திரத்தில் வாய் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தவர்.

"சரி அங்கிள். அப்போ நல்ல நாள் எப்ப?"

வேலிக்கு மேலே அந்த ஜன்னலின் திரை இழுத்து மூடப்பட்டிருந்தது. தவராசா அதைப் பார்த்தார்.

"இன்னும் தெரியேல்லை" என்றார். "பாத்துத்தான் சொல்லவேணும்."